பல வீட்டு அரிசி

அம்மா அரிசி களைகிற சத்தத்துக்கு முன்னால் இன்னொரு சத்தம் வரும். ஒரு கைப்பிடி அரிசி மண்கலயத்துக்குள் விழுகிற 'சர்' என்ற சத்தம். கலயம் காலியாக இருக்கிற திங்கட்கிழமையில் அது உரக்கக் கேட்கும், நாளாக ஆக மந்தமாகும். பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் சொல்லிவிடுவேன். உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை இல்லாதவர்களுக்கென்று ஒதுக்குவதை எங்கள் சபையில் 'பிடியரிசி' என்பார்கள். மரச்சீனிக் கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு பிடி அரிசி சின்னக் காரியமில்லை. "நம்ம வாயில இருந்து எடுத்து வைக்கதாக்கும்" என்பாள் அம்மா.

பாறசாலைக்கும் காரோட்டுக்கும் இடையில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். இந்த ஊர்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. என் அப்பா தையல்காரர். தைக்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். ஊரின் போராட்டக் கமிட்டியிலும் இருந்தார், சபைக் கமிட்டியிலும் இருந்தார். அவர் பேச எழுந்தால் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். பத்து வயதில் எனக்கு அப்பாவுக்கு மேலே கடவுள் ஒருவர்தான், அதுவும் சில நாட்களில் சந்தேகம்.

அந்தக் கும்ப மாத வெயிலில் ஊருக்குக் கிழக்கே இருந்த பாறைக்குன்று பற்றிக்கொண்டது. காய்ந்த புல்லில் பிடித்த தீ கொல்லாமரங்கள் என்கிற முந்திரி மரங்களுக்குத் தாவி, மத்தியானத்துக்குள் குன்றின் சரிவில் இருந்த குடிசைகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. கொல்லாங்கொட்டை எரிந்ததால் ஊரெல்லாம் அண்டி சுட்ட மணம். பள்ளிக்கூடத்து முற்றத்தில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பசி எடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அங்கே எரிந்ததில் ஒன்று என் வகுப்புத் தோழி தங்கம்மையின் குடிசை. பாவாடையும் சிலேட்டும் போனதால் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றது. குன்றின் அடியில் ஒரு பிலாமரத்துக்குக் கீழே அவளும் அவள் அம்மாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன் ஒருவன் அதற்குள்ளேயே வந்து போய்விட்டான். மழை வரும்வரை குடிக்கக் கஞ்சிக்கு வழி இருந்தால் ஓலை சேர்த்து மறுபடி குடிசை கட்டி இங்கேயே இருந்துவிடலாம், இல்லாவிட்டால் மலைக்குப் போக வேண்டியதுதான் என்று தங்கம்மை சொன்னாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர், இந்த மாதத்துப் பிடியரிசி முழுவதும் குன்றில் வீடிழந்தவர்களுக்கு என்று அறிவித்தார். சபை ஆமென் சொன்னது. நான் அதோடு விட்டேனா? பள்ளிக்கூடம் விட்டதும் கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற வீடு, சபைக்கு வருகிற வீடு என்று பார்க்காமல் ஏறி இறங்கினேன். "எட்டி நேசம், நீ ஐயரை விடப் பெரிய ஆளாயிட்டியே!" என்று கேலி செய்துகொண்டே எல்லா அடுப்பாங்கரையிலிருந்தும் போட்டார்கள். ஒரு வீட்டில் சிவப்புக் கட்டிச்சம்பா, ஒரு வீட்டில் வெள்ளைப் புழுங்கல், ஒரு வீட்டில் நாறுகிற ரேசன் பச்சரிசி. எல்லாம் அப்பாவின் பொறுப்பில் எங்கள் வீட்டு அறையில் இருந்த பெரிய பானையில் ஒன்றாய்க் கலந்து ஏறிக்கொண்டே வந்தது. தங்கம்மையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "வாற ஞாயித்துக்கிழமை அம்மையையும் கூட்டிக்கொண்டு கடவத்தோட வா. பானை நெறஞ்சாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் போராட்டக் கமிட்டியின் பெரிய கூட்டம். குளத்தூரிலிருந்தும் அமரவிளையிலிருந்தும் ஜனங்கள் வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். நான் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். பிறகு எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பனையோலைப் பட்டையில் கஞ்சி ஊற்றினார்கள். பிலாயிலையைக் குத்திக் கரண்டியாக்கி ஒரு வாய் அள்ளினேன்.

ஒரு பருக்கை குழைந்து நாக்கில் கரைந்தது. அடுத்த பருக்கை பல்லில் நறுக்கென்றது. பட்டையைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும். ரேசன் அரிசியின் நாற்றம் வேறு. ஒரே கடையில் வாங்கிய அரிசி இப்படி வேகாது. எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த அரிசியை நான்தானே சுமந்தேன்.

நிமிர்ந்தால், பெஞ்சின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே நேரத்தில் மைதானத்து ஓரமாகக் கடவத்தோடு வந்தாள் தங்கம்மை, பின்னால் குழந்தையோடு அவள் அம்மா. வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிற கஞ்சியை அவர்களுக்கும் ஊற்றினார்கள். தங்கம்மை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பட்டையை வழித்துக் குடித்தாள்.

"நல்ல கஞ்சி, எட்டி" என்றாள். "எங்களுக்க அரிசி எங்க வச்சிருக்கு?"

உண்மையைச் சொன்னால் அப்பா திருடன் என்று சொன்னதாகிவிடும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமையாக்கும்" என்றேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. என் தலையைத் தடவி, "அவியளும் வந்து குடிச்சாவல்லா மக்கா? அம்புட்டு தூரம் நடந்து வந்தவனைப் பட்டினியா அனுப்ப ஒக்குமா? நாடு ஒண்ணு சேந்தா எல்லாருக்கும் சோறு உண்டு" என்றார். மேடையில் பேசுகிற அதே குரல். அந்தக் குரலை நம்பித்தானே நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன்! அம்மா மட்டும் அடுப்பாங்கரையிலிருந்து, "கர்த்தருக்குண்ணு நான் போட்டதைக் கமிட்டி குடிச்சுது" என்றாள். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் கலயத்தில் அரிசி விழுகிற அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சபை வாசலில் தாயும் மகளும் கடவத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடினேன். புதன்கிழமை குன்றடிக்குப் போனபோது பிலாமரத்துக்குக் கீழே மூன்று அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் யாரும் இல்லை.

அந்தக் கஞ்சியைக் குடித்துக் கேட்ட நாடு எங்களுக்குக் கிடைக்கவுமில்லை. எல்லைக்கோடு எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே விழுந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றுபோனோம். அப்பா அதற்குப் பிறகு பேசுகிற நேரத்தைவிடத் தைக்கிற நேரம் அதிகமான மனிதர் ஆனார். அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது உண்மைதான், ஆனால் மன்னிப்பு வரவில்லை. அவர் சாகும்வரை நாங்கள் அந்த அரிசியைப் பற்றிப் பேசவில்லை.

பாறைக்குன்றில் இப்போது ரப்பர். பிடியரிசிக் கலயம் எந்த வீட்டிலும் இல்லை. சபையில் காணிக்கை போடக் கவர் கொடுக்கிறார்கள். போன மாதம் எங்கோ காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்காகத் துணியும் அரிசியும் சேர்க்க வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் வந்தான். ஒரு பை நிறைய அரிசி கொடுத்தேன். "இது அவியளுக்கே போய்ச் சேருமா மக்கா?" என்று கேட்டேன். "உறப்பா சேரும் அம்மச்சி" என்று சிரித்தான். எப்போது என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றான். நல்ல பிள்ளை, பொய் சொல்கிற முகமே இல்லை. நானும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருப்பேன்.