வலப்பக்கச் சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாமல்லபுரத்தில் உறவினர் வீட்டு வளைகாப்பு. வந்த பஸ் எல்லாம் நிரம்பி வழிந்தது. எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறேன் என்று மனைவி குறைப்பட்டுக்கொள்கிறாள். அதில் பாதி நடிப்பு என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வடக்கே தூரத்தில் எழும்பிய ஓர் உறுமல், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே என் காதில் விழுந்துவிட்டது. காதில் விழுந்தது என்பதைவிட அடிவயிற்றில் இறங்கியது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வெளிநாட்டுக் கார்கள் வரிசையாக வந்து டீக்கடை ஓரம் நின்றன. வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஞாயிறு காலையில் இந்தச் சாலையில் ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள். நடுவில் ஒன்று கருநீலம். இரண்டே கதவு, நீண்ட மூக்கு. ஓட்டி வந்தவன் இன்ஜினை அணைக்காமல் விட்டிருந்தான். எரிந்தும் எரியாத பெட்ரோல் வாசனை காற்றில் வந்தது. அவ்வளவுதான், கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் வலப்பக்கக் கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பையன் கண்ணாடியை இறக்கினான். "இன்னா அங்கிள், நீங்க ஓட்டப் போறீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பக்கம் ஏன் போனேன் என்று அவனிடம் சொல்லி மாளாது. உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கம். கல்பாக்கத்தில் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் நான் டிராயிங் போடுகிறவன். வீடு செங்கல்பட்டில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், கடற்கரைக்குப் போகிற வழியில் டாக்ஸிகள் நிற்குமிடத்தில் பொழுதைப் போக்குவேன். அங்கேதான் காதர் பழக்கம். கோவளத்துக்காரன். அவனுடைய அத்தாவுக்கு மளிகை வியாபாரமும் ஓர் அம்பாசடர் டாக்ஸியும் இருந்தன. டாக்ஸியில் வெள்ளைக்காரர்களைக் கோயில் பார்க்கக் கூட்டி வருவான். எந்த வண்டியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது என்று சொல்லுவான். நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தாலும் சில சமயம் தப்பாகச் சொல்லுவேன்.

மெட்ராஸில் ஏதோ கம்பெனி வேலையாக வந்திருந்த அமெரிக்கர் ஒருவர் ஞாயிறுதோறும் குளிக்க வருவார். அவர் கொண்டுவந்ததுதான் அந்தக் கருநீல வண்டி. எட்டு சிலிண்டர். குப்பத்து மீனவர்கள் அதற்குச் 'சுறா' என்று பேர் வைத்தார்கள். அது வந்து நின்றால் நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவோம். என்றைக்காவது இதுமாதிரி ஒன்றை வாங்குவது, ஆளுக்குப் பாதி என்று பேச்சு. என் சம்பளத்தில் அதன் டயரைக்கூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஒரு தடவை அவர் கடலில் இருக்கும்போது டேப்பை வைத்து வண்டியை நீளமும் அகலமும் அளந்தேன். ஆபீஸ் டிரேசிங் பேப்பரில், ஆபீஸ் நேரத்தில், வண்டியை நாலு பக்கத்திலிருந்தும் வரைந்தேன். வேலையில் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை. பிறகு செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சந்தின் அகலத்தையும் அளந்து பார்த்தேன். வண்டியைவிடச் சந்து குறுகல். காதரிடம் சொன்னதும், உங்க வூட்டுச் சுவத்த இடிச்சிக்கலாம் என்று சாதாரணமாகச் சொன்னான். நானும் எந்தச் சுவரை இடிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியில் ஏறும் யோகம் மணலால் வந்தது. அமெரிக்கர் ஒருநாள் ஆர்வக்கோளாறில் வண்டியை அலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி புதைந்தது, அலை வேறு ஏறி வந்தது. காதர் ஓடிப்போய்க் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்தான். வலைக்கயிற்றை வண்டியின் அடியில் கட்டி, வலை இழுக்கிற அதே பாட்டோடு, அதேபோலப் பின்னால் அடி எடுத்து வைத்து இழுத்தார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்ததுதான் என் பங்கு. வண்டி மேலே வந்ததும் மீனவர்களில் மூத்தவர் அதன் மூக்கைத் தட்டி, "மாட்னதுலயே இதான்டா பெருசு" என்றார். அமெரிக்கர் மகிழ்ந்துபோய்ச் சாவியைக் காதர் கையில் கொடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார் என்று சைகை காட்டினார். காதர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான், நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

அவர் ஊருக்குத் திரும்பும்போது வண்டி அரசாங்க ஏலத்துக்குப் போனது. வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த வண்டியை இஷ்டத்துக்கு விற்க முடியாத காலம். பெரிய கார் என்றால் சினிமாக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். ஆனால் இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டுக்குக் குனிந்து நுழைய வேண்டும். கூட்டத்துக்குக் கையாட்ட வசதிப்படாது. அதனால் போட்டி இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று சொல்லிக் காதர் அத்தாவை மசிய வைத்து, வண்டியை ஏலத்தில் எடுத்துவிட்டான். என் பாதி என்று நான் கொடுத்தது, உண்மையைச் சொன்னால், ஸ்டியரிங்குக்கு ஓர் உறை.

இப்போதுதான் அந்த வலப்பக்கத்துக்கு வருகிறேன். அது அமெரிக்க வண்டி அல்லவா, ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ஊர்ச் சாலையில் முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு. கார் ஓட்டத் தெரியாத நான் 'இரு' என்றால் இருப்பான், 'போ' என்றால் போவான். என் வாயிலிருந்து 'போ' வந்து முடிவதற்குள் எட்டு சிலிண்டரும் எழுந்து நிற்கும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். லாரி பின்னால் போய்விட்டிருக்கும். ஒருதடவைகூட அவன் தானாகத் தலையை நீட்டிப் பார்த்ததில்லை. வீட்டில் என் பேச்சை யாரும் கேட்காத வயது அது. ஒருத்தன் தன் உயிரை என் ஒற்றைச் சொல்லில் வைத்து ஓட்டினான். அதைப்போல ஒரு மரியாதை எனக்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை, திரும்பித் திருக்கழுக்குன்றம், புளிய மரங்களுக்கு நடுவே செங்கல்பட்டு. வண்டியைச் சந்து முனையில் நிறுத்தச் சொல்லி இறங்கி, வீட்டுக்கு நடந்து போவேன். தெருவே எட்டிப் பார்க்கும். எங்கே போனோம், எதற்குப் போனோம் என்றால் ஒன்றும் கிடையாது. போனோம், அவ்வளவுதான்.

ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அரபு நாடுகளில் எண்ணெய்த் தகராறு என்று பேப்பரில் போட்டார்கள். எங்கோ நடக்கிறது என்று நினைத்தோம். திடீரென்று பெட்ரோல் விலை ஏறி, வண்டியைக் கிளப்பவே பயமாகிவிட்டது. சுறா பெட்ரோலைக் குடிக்கவில்லை, கொப்பளித்தது. கல்யாண வாடகைக்குக் கேட்டவர்களும் பின்வாங்கினார்கள். ஒன்று பழைய இரும்புக்குப் போடு, இல்லை டீசல் இன்ஜின் வைத்துச் சம்பாதித்துக் காட்டு என்று அத்தா கறாராகச் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. கடையையும் டாக்ஸியையும் வைத்துப் பெரிய குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவர். அந்த நாளில் பெரிய கார் வைத்திருந்தவர்கள் பலரும் செய்ததுதான் இது. அமெரிக்க வண்டியின் வயிற்றைத் திறந்து வேன் இன்ஜினை உள்ளே வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் அதே பளபளப்பு இருக்கும்.

ஒரு வாரம் கழித்துக் காதர் என்னைத் தேடிக் கல்பாக்கம் வந்தான். வித்துட்டா எவனாவது ஒடைச்சிப் போட்டுருவான், வண்டியாவது நம்மகிட்ட இருக்கட்டும் என்றான். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

செங்கல்பட்டில் லாரி பட்டறை ஒன்றில் ஏற்பாடு. வண்டியை விடக் கோவளத்திலிருந்து இரண்டு பேரும் கிளம்பினோம். கடைசி ஓட்டம், பறக்கப்போகிறான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமல்லபுரம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. எட்டிப் பார்த்தேன், சாலை காலி. 'போ' என்றேன். அவன் போகவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். கண்ணை வைக்கோலின்மேல் வைத்தபடியே, "இன்னா அவசரம் மச்சான்" என்றான். மாட்டு வண்டி போன வேகத்தில், உறுமலை அடக்கி அடக்கி, அதன் பின்னாலேயே போனோம். வைக்கோல் துணுக்கு கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டுக் கையைக் காட்டினார். காதரும் ஒதுங்கி நின்றான். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பட்டறையில் சங்கிலி மாட்டி இன்ஜினைத் தூக்கினார்கள். கீழே விரித்த சாக்கில் இறக்கும்போது அது இன்னும் சூடாக இருந்தது. காதர் அதன்மேல் கை வைத்துக்கொண்டு, சூடு ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகை வந்தது. ஓர் இரும்புக்காக அழுகிறவன் என்று பட்டறைக்காரர்கள் நினைப்பார்களே என்று வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து வண்டி தயார் என்று சொன்னார்கள். போனோம். காதர் சாவியைத் திருப்பினான். தடதடவென்று மாவு மிஷின் சத்தம். கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் ஆடின. பட்டறையை விட்டு வெளியே வந்ததும் முன்னால் ஒரு பஸ். பழக்க தோஷத்தில் வலப்பக்கம் எட்டி, தலையை நீட்டினேன். அவன் என் தோளைத் தொட்டு இழுத்தான்.

"இனிமே நீ பாத்துச் சொல்ல வேணாம் மச்சான். இது யாரையும் முந்தாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கொஞ்ச காலம் கல்யாணங்களுக்கு ஓடியது. பட்டுப்புடவைக்காரப் பெண்கள் பின்சீட்டில் நுழைய முடியாமல் பட்ட பாட்டில் அதுவும் நின்றது. காதர் வளைகுடாவுக்கு டிரைவராகப் போய்விட்டான். எந்த எண்ணெய் எங்கள் வண்டியைப் படுக்க வைத்ததோ, அந்த எண்ணெய் ஊருக்கே. தண்ணீர் லாரி ஓட்டினான். லீவில் வந்தபோது ஒருமுறை கேட்டேன். அங்கே நம் சுறா மாதிரி வண்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கும் என்றான். ஏறிப் பார்த்தாயா என்றேன். "பக்கத்துல யாரு குந்துவா?" என்றான். ஸ்டியரிங் அங்கே இடப்பக்கம், சாலையும் அதற்குத் தோதான சாலை, பக்கத்தில் ஆள் தேவையே இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வண்டியை உப்புக்காற்று தின்றது. ஆடுகள் ஏறிப் படுத்தன. கடைசியில் எடைக்குப் போட்டார்கள். காதர் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகிறது. டிரேசிங் பேப்பர் என்னிடம் வெகுநாள் இருந்தது, மடிப்பில் மடிப்பில் உடைந்து போனது.

போன ஞாயிறு அந்தக் கருநீல வண்டிப் பையனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். முந்தும்போது எதிரே வருவதை யார் பார்த்துச் சொல்வார்கள் என்று. அவன் குழப்பமாகப் பார்த்தான். "எதிர்ல எதுவும் வராது அங்கிள். நடுவுல தடுப்பு கீதுல்ல" என்றான். திரும்பிப் பார்த்தேன். ஆமாம், சாலை நடுவே தடுப்பு. போகிறவர்கள் இந்தப் பக்கம், வருகிறவர்கள் அந்தப் பக்கம். தினமும் பார்க்கிறதுதான்.

உறுமிக்கொண்டு கிளம்பினான். அவன் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. என் வாய் தானாக 'போ' என்றது.