மீன்கொத்திக்காகக் கறுத்த தேநீர்

எங்கள் ஹாலிஃபாக்ஸ் கம்பளி ஆலை அலுவலகத்தில் தேநீர் போடுபவள் வினிஃப்ரெட் சக்டன். அந்த வருஷம் அவள் கொடுத்தது தேநீரே இல்லை, தார். எவ்வளவு பால் ஊற்றினாலும் நிறம் மாறாது. காரணம், அவளுடைய அடுப்பறைக்கு எதிரே தட்டச்சு செய்துகொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு தேயிலைப் பொட்டலத்திலும் ஒரு பறவைப் படம் வரும். ஐம்பது சேர்ந்தால் ஆல்பம் நிறையும். வினியிடம் நாற்பத்தொன்பது இருந்தன, மீன்கொத்திதான் வரவில்லை. பொட்டலம் தீர்ந்தால்தானே அடுத்ததைப் பிரிக்கலாம்? கூஜாவுக்கு எட்டுக் கரண்டி போட்டாள்.

"தேயிலைக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டா அனுப்புவாங்களாமே?" என்றேன்.

"கெஞ்சி வாங்கின மீன்கொத்தி எனக்கெதுக்குடி? பள்ளிக்கூடத்தை முடிக்கல, பின்ன ஆரம்பிச்ச ஒரு ஸ்வெட்டரையும் முடிக்கல. அம்பத்தெட்டு வயசாச்சு. இதையாவது நானா முடிக்கணும் கண்ணு."

அந்தத் தாரைக் குடித்துக் குடித்து மேலாளர் பிரியர்லிக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. எப்படியோ காரணத்தை மோப்பம் பிடித்து, ஒருநாள் அடுப்பறைக்கே வந்து, பர்ஸிலிருந்து ஒரு மீன்கொத்தியை எடுத்துக் காட்டினார்.

"என் அக்கா பையனோடது. அவன்கிட்ட ரெண்டு இருக்கு."

அவருக்கு அக்காவே கிடையாது என்பது ஆலை முழுக்கத் தெரியும்.

"இது உங்களுக்கு, மிஸஸ் சக்டன். ஆனா இனிமே எனக்குத் தனிக் கூஜா, அதுல ஒரு கரண்டிக்கு மேல கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்டமாற்றுன்னா சரி சார். சத்தியம்."

அன்று மத்தியானம் அவள் மீன்கொத்தியை ஒட்டி, ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து எனக்குப் புரட்டிக் காட்டினாள்.

மறுவாரமே கம்பெனி வண்ணத்துப்பூச்சி வரிசையை ஆரம்பித்தது. எங்கள் கோப்பைகள் மறுபடி கறுத்தன. பிரியர்லிக்கு மட்டும் தனிக் கூஜாவில் வெந்நீர் போல ஒன்று. பாவம், அதற்குள் அவர் நாக்கு தாருக்குப் பழகியிருந்தது.

"கூட ஒரே ஒரு கரண்டி போடுங்களேன்."

"சத்தியம் சார். மீறமாட்டேன்."

ஒருநாள் நான் கடிதக்கட்டுடன் திரும்பி வந்தபோது, பிரியர்லி என் மேசையருகே நின்று என் கோப்பையை அண்ணாந்து காலி செய்துகொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"சொல்லமாட்டேன் சார். வினிக்கு இன்னும் மூணு வண்ணத்துப்பூச்சி வரல," என்றேன்.

மறுநாள் காலை மூன்றும் என் தட்டச்சுப் பொறியின் மேல் இருந்தன. நான் வினிக்குத் தெரியாமல் பொட்டலத்துக்கு ஒன்றாகச் செருகிவைத்தேன்.