வெள்ளிக்கிழமை கேக்கும் தோர்பெனின் ஆராய்ச்சியும்

கோபன்ஹேகனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை நோயை எதிர்த்துப் போர் புரிந்துவந்தவர் தோர்பென். நோயாளிகளின் ரத்தத்தை நோயில்லாதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட அவருக்கு ஆள் தேவைப்பட்டது. சம்பளமில்லாமல் கிடைத்தவர்கள், கூட வேலை பார்க்கும் நாங்கள்தான்.

வெள்ளிதோறும் யாராவது ஒருவர் கேக் கொண்டுவருவது அங்கே அரசியல் சட்டத்துக்கும் மேலானது. ரத்தம் எடுத்ததும் வெள்ளி மாலை, கேக் சாப்பிட்ட பிறகுதான். நோயாளிகளைவிட எங்களுக்குத்தான் சர்க்கரை அதிகம் என்று முடிவு வந்தது.

“என் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு! இந்த மாசம் மட்டும் கேக்கை நிறுத்துங்கப்பா!” என்று கெஞ்சினார் தோர்பென்.

“நீ ஆராய்ச்சிய நிறுத்து தோர்பென், எங்க சர்க்கரை தானா குறைஞ்சிடும்,” என்றாள் எங்களில் ஒருத்தியான கிர்ஸ்டன்.

அடுத்த வெள்ளி அவர் முறை. வெள்ளரிக்காய் கொண்டுவந்தார். அன்றே எல்லோரும் ஆராய்ச்சியிலிருந்து விலகினோம்.

திங்களன்று, எங்களைத் திரும்பப் பிடிக்க, பாதாம் கேக்கோடு வாசலில் நின்றார்.