இயக்கச்சியில் தொலைந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் ஒரு கல்யாணவீட்டுக்குப் போகும் வழியில், இயக்கச்சி வந்ததும் யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "இதிலைதான் அந்த மாப்பிளையின்ரை செருப்பு கிடந்தது."

இவர் பிரேக்கில் கால் வைத்தார். என் கணவர் சாதாரணமாகவே சைக்கிள்காரர் முந்திப் போகும் அளவுக்குப் பொறுமையாகக் கார் ஓட்டுபவர். இப்போது கிட்டத்தட்ட நின்றே விட்டார்.

"ஆரின்ரை செருப்பு?"

"சபேசன்ரை."

"எந்தச் சபேசன்? எப்ப நடந்தது? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

பின்சீட்டில் இருந்த மகள், இன்னும் மூன்று வயது நிரம்பாதவள், கண்ணாடியில் மூக்கை அழுத்தி "செருப்பு எங்கை அம்மா?" என்று தேடத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனையிறவு தாண்டிப் பரந்தன் வரும்வரை அதை நிறுத்த முடியவில்லை. சபேசன் என்று ஒருவன் இல்லை, அவன் ஒரு நாவலில் வருபவன், அந்த நாவலைக்கூட நான் வாசிக்கவில்லை, வேலைக்குப் போன வான் வண்டிக்குள் இருந்து கேட்டேன் என்று விளக்கி முடிப்பதற்குள் மண்டபத்து வாசலில் எங்களுக்குப் பன்னீர் தெளித்துவிட்டார்கள்.

புத்தகத்தை வீட்டில் இருந்து வாசித்தால் அது அட்டைக்குள்ளேயே இருந்துவிடும். ஓடுகிற வாகனத்தில் கேட்டால் வழியெல்லாம் சிந்திவிடுகிறது. அந்தக் கதை நடந்தது தமிழ்நாட்டில் எங்கேயோ ஒரு மலையூரில். ஆனால் எனக்குக் கல்யாண மண்டபம் பளையின் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. மணப்பெண் பூரணியின் வீடு மிருசுவிலில் ஒரு மஞ்சள் மதில் வீடு. அந்த வீட்டுக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவு அநியாயங்களை அவர்கள் முற்றத்தில் நடத்தியிருக்கிறேன். மாப்பிள்ளை விழுந்திருக்கலாம் என்று எல்லோரும் சந்தேகப்பட்ட கிணறு இயக்கச்சியில்.

எனக்கு முதல் நியமனம் பரந்தனுக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள் எல்லோரையும் போல நானும் ஒரு வானில் மாதவாடகைக்கு இடம்பிடித்தேன். நெல்லியடியில் இருள் பிரியும் முன் ஏற வேண்டும். குளித்த தலை ஈரம், சோற்றுப் பார்சல்களின் வாழையிலை வாசனை, யாரோ பூசிய தைலம், எல்லாம் கலந்து ஒரு மணம் இருக்கும். இன்றைக்கும் ஒரு பார்சலைப் பிரித்தால் எனக்கு வான் குலுங்குகிறது.

சாரதி செல்வம் அண்ணையிடம் ஒரே பாட்டுத் தொகுப்புத்தான் இருந்தது. வருடக்கணக்காக அதே பாட்டுகள், அதே வரிசையில். ஒரு நாள் கணித ஆசிரியை வதனி ரீச்சர் பொறுமையிழந்தா. வயதில் எனக்கு அம்மாவின் கடைசித் தங்கச்சி போல, குரலில் ஒலிபெருக்கி போல. "அண்ணை, இந்தப் பாட்டு இன்னுமொருக்காக் கேட்டால் நான் இறங்கி நடந்து போவன்" என்று சொல்லிவிட்டு, கனடாவில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய ஒன்றைத் தன் போனில் இருந்து வானின் ஸ்பீக்கரில் போட்டா. ஒரு பெண் நிதானமாக நாவல் வாசித்தா. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைக் காணவில்லை. மேளகாரர் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை இல்லை.

அவ்வளவுதான். அடுத்த நாளில் இருந்து பாட்டு இல்லை. வாசித்தவவின் பெயரை ஒருவரும் கவனிக்கவில்லை. அவ எங்களுக்கு அக்கா. "அண்ணை, அக்காவைப் போடுங்கோ" என்றால் போதும்.

ஆனால் கொடிகாமம் வரும்வரை போடக்கூடாது. ஏனென்றால் அமீன் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கொடிகாமம் சந்தியில்தான் ஏறுவார். வரலாறு படிப்பிப்பவர். சின்ன வயதில், யாழ்ப்பாண முஸ்லிம்களை எல்லாம் வெளியேறச் சொன்னபோது, குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, பிறகு திரும்பி வந்தவர். அவர் இல்லாமல் ஒரு நாள் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டோம். மூன்று நாள் எங்களோடு கதைக்கவில்லை. அன்றைக்குச் சட்டம் வந்தது: ஒருவருக்கு லீவு என்றால் கதைக்கும் லீவு. வீட்டில் தனியாகக் கேட்கவும் கூடாது.

கேட்பது என்று சொல்கிறேன், உண்மையில் அக்காவை நாங்கள் ஒரு வசனத்தை ஒழுங்காக முடிக்க விட்டிருந்தால்தானே.

"உவன் கனடாவுக்குப் போட்டான்" என்பா வதனி ரீச்சர். "எழுதி வையுங்கோ. ஏஜென்சிக்குக் காசு கட்டியிருப்பான்."

"கிணத்துக்கை கிடக்கிறான் ரீச்சர்." இது செல்வம் அண்ணை. எந்தக் கதையிலும் கிணறு வந்தால் அவர் விடமாட்டார்.

நான் மட்டும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்பேன். "அவனுக்கு ஒண்டும் நடக்காதே? ஆராவது சொல்லுங்கோவன், ஒண்டும் நடக்காதே?"

"நீ பேசாமல் இரு பிள்ளை. உன்ரை கரைச்சல் பெரிய கரைச்சல்" என்பா வதனி ரீச்சர்.

அமீன் சேர் ஒரு நாள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "உவன் தானாப் போகேல்லை. ஆரோ போகச் சொல்லியிருக்கினம்." எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு அவரே திரும்பிச் சிரித்தார். "என்ன எல்லாரும் முழிக்கிறியள்? நான் கதையைச் சொல்லுறன்."

இதில் ஒரு சிக்கல், சிவப்புக்கோடு. ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு இழுப்பார். அதன்கீழ் கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வான் நின்றபோது, அக்கா மறுபடி அந்தக் கிணற்றடிக்குப் போய்விட்டா. அங்கே செருப்பு. ஒருவரும் இறங்கவில்லை. யன்னல்கள் பூட்டியபடி, என்ஜின் ஓடியபடி, எல்லோரும் சிலைபோல இருந்தோம். அதிபர் கேற்றடியில் இருந்து பார்த்துவிட்டு வந்து கண்ணாடியில் தட்டினார்.

"என்ன, ஆருக்கும் சுகமில்லையோ?"

செல்வம் அண்ணை கண்ணாடியை இறக்கினார், அக்காவை நிறுத்த மறந்து. அதிபர் இரண்டு நிமிடம் குனிந்து நின்று கேட்டார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு போய்க் கோட்டை இழுத்தார். நாங்கள் எல்லோரும் கோட்டுக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்து வைத்தோம். இடைவேளையில் வதனி ரீச்சரைப் படிக்கட்டில் மறித்து மெதுவாகக் கேட்டாராம். "அந்தச் செருப்பு மாப்பிளையின்ரைதானோ?"

அந்த நாட்களில்தான் மகள் வயிற்றில் வந்தாள். நான் சின்னதுக்கே பயப்படுகிறவள். கர்ப்பிணி ஆனதும் எனக்குப் பயப்படுவது முழுநேர வேலையாகிவிட்டது. வானின் குலுக்கல் ஆகுமா, இந்தப் பக்கம் சரிந்து இருக்கலாமா, காலையில் குடித்த கோப்பி கூடிப்போயிற்றா. ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"வயித்துக்கை இருக்கிற பிள்ளைக்கு உந்தக் கிணத்துக் கதையெல்லாம் கேக்குமோ?"

"கேக்கட்டும் தங்கச்சி" என்றார் அமீன் சேர். "ஆள் வெளியிலை வந்து எங்களுக்கு முடிவைச் சொல்லட்டும்."

எனக்கு முன்சீட் தந்தார்கள். செல்வம் அண்ணை பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டியதில், என் வயிறு வளர வளர வான் மெதுவாகியது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் முந்தி எழும்பினார்கள். அப்படியும், ஆளுக்காள் லீவு எடுத்ததில், கதை முடியவில்லை. என் பிரசவ லீவு தொடங்கும்போது கடைசி மூன்று அத்தியாயங்கள் மிச்சம்.

கடைசி நாள் இறங்கும்போது, கடமை தவறாத ஆளாக, "நீங்கள் எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், கேட்டு முடியுங்கோ" என்றேன். ஒருவராவது மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஓமோம், அதுதான் நல்லது" என்றா வதனி ரீச்சர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளை பெறப் போகிறவள் ஒரு கதைக்காக அழுவதா என்று அதற்கும் சேர்த்து அழுதேன். கதைக்காக இல்லை, சரியாகச் சொன்னால். நான் இல்லாமலும் அந்த வான் ஓடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. என் இடத்துக்குத் தர்சிகா என்று ஒரு புது விஞ்ஞான ஆசிரியை வந்துவிட்டா என்றும் கேள்விப்பட்டேன். வதனி ரீச்சர் எப்போதோ அனுப்பிவைத்த கதை என் போனில் இருந்தது. தொட்டால் போதும். தொடவில்லை. காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, இப்போது கொடிகாமம், இப்போது பளை, இப்போது யாரோ கிணறு என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

லீவு முடிந்து வானில் கால் வைத்த காலையில் முன்சீட் எனக்குக் காலியாக இருந்தது. தர்சிகா பின்னால் இருந்து வெட்கமாகச் சிரித்தா. கொடிகாமத்தில் அமீன் சேர் ஏறியதும் செல்வம் அண்ணை, "அப்ப, விட்ட இடத்திலை இருந்து போடுவமே ரீச்சர்?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்கிறதோ!" வதனி ரீச்சர் நெஞ்சில் கைவைத்தா. "சட்டமெண்டால் சட்டம். இவ்வளவு நாளும் அதே பழைய பாட்டுத்தான். காது புளிச்சுப்போச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தொடங்கினா. பூரணி மாப்பிள்ளையின் பெட்டியைத் திறக்கப் போகிறாள். "ஐயோ கடவுளே!" என்று கத்தினா வதனி ரீச்சர். பெட்டி இன்னும் திறபடவில்லை. எனக்குத்தான் ஏதோ பிசகு என்று நினைத்தேன். பிள்ளை பிறந்தபின் போனைப் பிரிட்ஜுக்குள் வைக்கிற ஆள் நான். கொஞ்சத் தூரம் போனதும் செல்வம் அண்ணை சத்தத்தைக் கூட்டினார். அடுத்த கணம் அக்கா குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தா. இவருக்கு எப்படி முந்தியே தெரியும்? திரும்பி அமீன் சேரைப் பார்த்தேன். அவர் ஒரு பனைமரத்தை மிக ஆழமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

அப்போது பின்னால் விம்மல். தர்சிகா.

"ஏனடி அழுகிறாய், இன்னும் ஒண்டும் நடக்கேல்லையே" என்றா வதனி ரீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும் ரீச்சர், ஆனால் இப்ப பூரணியின்ரை தம்பி வந்து..."

"வாயை மூடு!"

வானுக்குள் அக்கா மட்டும் வாசித்துக்கொண்டிருந்தா.

"எத்தினை தரம் கேட்டனீங்கள்?" என்றேன்.

"ரெண்டு" என்றா வதனி ரீச்சர்.

"செல்வம் மூண்டு" என்றார் அமீன் சேர். "தனிய வாடகை ஹயருக்குப் போகேக்கையும் கேட்டவர்."

செல்வம் அண்ணை சிரித்த சிரிப்பில் ஆனையிறவுப் பாலத்து ஓரத்தில் வானை நிறுத்த வேண்டியதாயிற்று. கடற்காற்று யன்னலால் அடிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தோம். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அக்கா சொன்னதே ஒருவருக்கும் கேட்கவில்லை.

"ரெண்டு கிழமை பொறுத்துப் பாத்தம் பிள்ளை. பிறகு ஏலாமல் போச்சு" என்றா வதனி ரீச்சர் கண்ணைத் துடைத்தபடி.

"அப்ப ஏன் நடிச்சனீங்கள்?"

"நீ இல்லாமல் கேட்டது சரியா வரேல்லை. 'ஒண்டும் நடக்காதே, ஒண்டும் நடக்காதே' எண்டு கேக்க ஒரு ஆள் வேணுமே. பயப்பிட ஆளில்லாமல் என்ன மர்மக்கதை? தர்சிகாவைப் பயப்பிடச் சொன்னம். அவள் அழத்தான் சரி."

பின்னுக்குத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். மாப்பிள்ளை கிணற்றிலும் இல்லை, கனடாவிலும் இல்லை. விருப்பமில்லாத கல்யாணம், முதல்நாள் பின்னேரம் பூரணியே அவனைப் போகச் சொல்லியிருக்கிறாள். செருப்பு, ஓடிய அவசரத்தில் கழன்றது. "நான் அப்பவே சொன்னனான்" என்று அமீன் சேர் இந்த முறையும் எழுந்து நிற்கப் பார்த்துக் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். அன்றும் சிவப்புக்கோட்டுக்குக் கீழேதான். அதிபர் முடிவை மட்டும் கேட்டார்.

பிறகு நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டது நடந்தது. இடமாற்றம் வந்தது. எனக்குக் கரவெட்டியில், வீட்டில் இருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். அமீன் சேருக்கு யாழ்ப்பாணத்தில், நடந்து போகிற தூரம். வதனி ரீச்சருக்கு நெல்லியடிப் பக்கம். வீட்டுக்கு வீடு பாயாசம். செல்வம் அண்ணையின் வானில் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் போகிறார்கள். அவர்களுக்குப் பாட்டுத்தான் வேண்டுமாம். ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அத்தியாயம் கேட்பதென்று முயன்றோம். வதனி ரீச்சர் ஒரே நாளில் முழுவதையும் கேட்டு முடித்தா. அமீன் சேர் நித்திரையானார்.

கல்யாணவீட்டுக்குப் போய்வந்த அடுத்த நாள் நெல்லியடிச் சந்தையில் வதனி ரீச்சரைக் கண்டேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இப்ப ஏதும் கேக்கிறனியே பிள்ளை?"

"ஓம் ரீச்சர். சமைக்கேக்கை, காதுக்கை இயர்போன் கொழுவிக்கொண்டு. ஒருத்தரும் குழப்பிறேல்லை. ஒரு சொல்லும் தவறாமல் விளங்குது."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றா. முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு, "சீ, உதுவும் ஒரு கேக்கிறதே?" என்றா.