ஏதென்ஸ் போய் வந்த மயக்கம்

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டைத் தாண்டி உள்ளே போகும் தெருவில், மயங்கி விழுவதற்குக் கிரேக்கத்தில் எத்தனை சொற்கள் உண்டு என்று தெரிந்த ஒரே ஆள் சத்தியநாதன்தான். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வயது அறுபத்தெட்டு. இறையியல் கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு வருடம் பைபிளின் புதிய ஏற்பாடு எழுதப்பட்ட பழைய கிரேக்கத்தைச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் கை சும்மா இருக்காமல், மேடவாக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார். புது மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்களே, அதை ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றும் வேலை.

அலுவலகம் என்றால் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அதை நடத்துபவர் தீபலட்சுமி. ஒரு நாள் கிரேக்க மொழிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் வந்தபோது, தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்து இவரைக் கண்டுபிடித்தார். கிரேக்கம் கிரேக்கம்தானே என்று அவர் நினைத்துவிட்டார். நடுவில் இரண்டாயிரம் வருடம் இருப்பது சத்தியநாதனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

முதல் கேள்வித்தாளைச் சரிபார்த்த ஏதென்ஸ்காரர் எழுதியிருந்தார்: ‘மொழி மிக அழகு. எங்கள் ஊர்ப் பாதிரியார் படித்தால் சந்தோஷப்படுவார். நோயாளிக்குப் புரியாது.’ ஆஸ்பத்திரி வாசலில் சங்கத் தமிழில் டோக்கன் நம்பர் கூப்பிட்டது மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனிதர். மூன்றாம் நாள், அறுபத்து மூன்று வயதில், இன்றைய கிரேக்கத்தை அ, ஆவிலிருந்து படிக்க உட்கார்ந்தார். ஏதென்ஸ் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கையைத் தினமும் காலையில் சத்தமாக வைத்துக் கேட்பார்.

“அங்க மழை வருமான்னு தெரிஞ்சு இங்க யார் குடை எடுத்துட்டுப் போகப்போறா?” என்பார் மனைவி ஜோசலின். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால் பதில் வராமல் விடமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருடமாக அவருக்குப் பதில் வரவில்லை.

அது என்னவென்றால், புருஷனின் பக்தி. சத்தியநாதன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார், காணிக்கை போடுவார், பிரசங்கத்தில் கிரேக்கச் சொல் தப்பாக வந்தால் முகம் சுளிப்பார். அவ்வளவுதான். அழுது ஜெபித்தது கிடையாது, கை உயர்த்தியது கிடையாது. அவரைப் பரிசுத்த ஆவியானவர் தொட வேண்டும் என்று ஜோசலின் கேட்காத நாள் இல்லை. அதற்காகவே இரண்டாம் சனிக்கிழமைகளில் பீர்க்கன்கரணையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும் உபவாச ஜெபத்துக்குத் தனியாகப் போய்வந்தார்.

இந்த வருடத் தொடக்கத்தில் இதய மருந்து ஒன்றின் கேள்வித்தாள் வந்தது. முழுக்க முழுக்க பலவீனமும் மயக்கமும்தான். உடம்பில் தெம்பில்லாதது ஒன்று, தலை லேசாவது ஒன்று, விழப்போகிற மாதிரி இருப்பது ஒன்று, விழுந்தே போவது ஒன்று என்று ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. சத்தியநாதன் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு தீபலட்சுமிக்கு ஃபோன் போட்டு நாற்பது நிமிடம் விளக்கினார்.

“கண் இருட்டிட்டு வர்றதை நோயாளி சொல்லலாம்மா. விழுந்ததை அவன் சொல்ல முடியாது, அப்போ அவன் அங்க இல்லையே. பார்த்தவங்கதான் சொல்லணும். அதனால வாக்கியமே வேற மாதிரி போகணும்.”

“சூப்பர் சார். எப்படி சார் இவ்வளவு டீப்பா போறீங்க?” என்றார் தீபலட்சுமி.

எப்படி என்றால், அந்த மாதத்தில் அவரே இரண்டு தடவை விழுந்திருந்தார். ஒரு தடவை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், செடிக்கடை முன்னால். செடிக்காரர் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டார். இன்னொரு தடவை குளியலறையில். வழுக்கிவிட்டது என்று ஜோசலினிடம் சொன்னார். அசதிக்கும் தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் மூன்று மொழியில் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவருக்கு, வீட்டில் சொல்ல வந்தது “ஒண்ணுமில்ல” என்ற ஒரே சொல்தான். டாக்டரிடம் போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். படித்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்காது என்று யார் சொன்னது?

பிப்ரவரியில், கல்யாண நாளுக்காக, ஒரே ஒரு தடவை வாங்க என்று ஜோசலின் கேட்டதால் உபவாச ஜெபத்துக்குப் போனார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் இல்லை. மாடியில் அறுபது பேர், மூன்று மின்விசிறி. பாட்டு முடிவதாக இல்லை, எல்லோரும் நின்றுகொண்டே பாடினார்கள். பாஸ்டர் எபி வரிசையாகத் தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டே வந்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் விழுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே திடகாத்திரமான இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள். பாஸ்டரின் கை இவர் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது சத்தியநாதனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குரிய கிரேக்கச் சொல்லும் ஞாபகம் வந்தது. அடுத்ததை அவர் சொல்ல முடியாது.

பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று சொன்னார்கள். இரண்டு பேரும் பக்குவமாகத் தாங்கிப் படுக்கவைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். அங்கே விழுவது நல்ல காரியம் ஆனபடியால் ஒருவரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. பத்து நிமிடம் கழித்து அவர் கண் திறந்தபோது சுற்றி நின்று அறுபது பேரும் துதித்துக்கொண்டிருந்தார்கள். ஜோசலின் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை.

இது மயக்கம்தான் ஜோஸ், மூன்றாவது தடவை என்று சொல்ல வாய் எடுத்தார். முடியவில்லை. பிறகு சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தார். சாயங்காலத்துக்குள் உறவினர்கள் எல்லோருக்கும் ஃபோன் போய்விட்டது. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அவர் எழுந்து நின்று, தனக்கு நடந்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று பாஸ்டரும் அறிவித்துவிட்டார். ஜோசலின் அவருக்காக ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துவந்து பீரோவில் மாட்டினார். சொன்னால் அவள் முப்பது வருடத்து ஜெபம் போய்விடும், சொல்லாவிட்டால் உயிரே போனாலும் போகும். இரண்டில் எது பெரிது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கேள்வித்தாள் வேலையில் கடைசியாக ஒரு காரியம் பாக்கி இருந்தது. கட்டங்கள் போதுமா, கேள்விகள் ஒன்றுக்கொன்று இடிக்கிறதா என்று பார்க்க, ஒரு கற்பனை நோயாளியாக மொழிபெயர்ப்பாளரே தாளை நிரப்பித் தர வேண்டும். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடிப்பார். இந்தத் தடவை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சந்தை, குளியலறை, மாடி என்று எல்லாவற்றையும் எழுதினார். தாம்பரத்தில் யார் கிரேக்கம் படிக்கப்போகிறார்கள்? ‘வேறு ஏதேனும்’ என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்: ‘மூன்றாவது தடவையை எல்லோரும் வேறாகப் புரிந்துகொண்டார்கள். என் மனைவி சந்தோஷமாக இருக்கிறாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.’ அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கினார்.

ஐந்து வருடமாக அதே தொழிலில் இருக்கிற மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். கிரேக்கத்துக்குப் போன எதுவும் அங்கேயே தங்காது. மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க அதுதான் வழி. அதற்கு பேக் டிரான்ஸ்லேஷன் என்று பெயர். தானே நூறு தடவை அதை ஒப்பிட்டுப் பார்த்தவர்.

இரண்டாம் சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. துண்டோடு வெளியே வந்தபோது ஜோசலின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“...கேள்வித்தாள்ல ஒரு வார்த்தைகூட மாறலை ஆன்ட்டி, பெர்ஃபெக்டா திரும்பி வந்திருக்கு,” என்று தீபலட்சுமியின் குரல் வந்தது. “சாம்பிளை இவ்வளவு நேச்சுரலா எழுத சாரால மட்டும்தான் முடியும். மனைவி சந்தோஷமா இருக்கா, அதனால யார்கிட்டயும் சொல்லலை, பயமா இருக்குன்னு முடிச்சிருக்கார் பாருங்க, அதைப் படிச்சப்போ எனக்கே என்னமோ ஆயிடுச்சு. கற்பனைதானேன்னு சாரை ஒரு தடவை கேட்டுச் சொல்றீங்களா?”

ஜோசலின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சத்தியநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டுட்டேன்மா. கற்பனை இல்ல,” என்றார் ஜோசலின். “அதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு.”

கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. “இன்னாமா, சார் நல்லாத்தான கீறாரு?” என்றார் ஓட்டுநர். ஜோசலின் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்து ஆட்டோ குலுங்கியபோது மட்டும் புருஷனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், அதன் பிறகு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு துடிப்பு, அறுபதாவது இருக்க வேண்டும்.

“என்ன சார் பண்ணுது உங்களுக்கு?”

“லேசா அசதி. வேற ஒண்ணுமில்ல.”

“இவர் தமிழ்ல சொல்லமாட்டார் டாக்டர். இதைப் படிங்க,” என்று ஜோசலின் கைப்பேசியை நீட்டினார்.

டாக்டர் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் ஒரு தடவை நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். “இவ்வளவு தெளிவா எந்தப் பேஷண்டும் எங்கிட்ட சொன்னதில்ல,” என்றார். அன்று மாலையே பேஸ்மேக்கர் வைக்க நாள் குறித்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சாட்சி சொல்ல ஆள் இருந்திருக்காது என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். ஜோசலின் மாடிக்குத் தனியாகப் போய், அவருக்குப் பதிலாக எழுந்து நின்றார். “என் வீட்டுக்காரர் அன்னைக்கு மயக்கம் போட்டு விழுந்தார். பத்து நிமிஷம் நாம யாரும் தண்ணி குடுக்கலை. நானும் குடுக்கலை,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அல்லேலூயா சொல்லலாமா கூடாதா என்று சபைக்குக் குழப்பமாகிவிட்டது. பாஸ்டர் எபி நல்ல மனுஷன், தலையைக் குனிந்து நின்றார். இப்போது பிடிக்க நிற்கிறவர்களின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் சொம்புத் தண்ணீரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கின்றன.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார் ஜோசலின்.

“உன் ஜெபம் வீணாப்போச்சு, இல்ல?” என்றார் சத்தியநாதன். அதைக் கேட்க அவருக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

ஜோசலின் ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டே பேசினார். “முப்பது வருஷமா உங்களுக்காக என்னென்னமோ கேட்டேன். பயமா இருக்குன்னு எங்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும்னு மட்டும் கேக்கத் தோணலை.” ஒரு சுளையை அவர் கையில் வைத்தார். “இப்ப சொல்லுங்க. தமிழ்ல.”

சத்தியநாதன் சுளையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவர் கையில் வைத்தார். பிறகு சொன்னார்.