பெஞ்சில் வைத்த பேட்

நாற்பத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். படிக்கிற காலத்தில் பேட்மின்டன் ஆடியவன் என்ற நினைப்பில், புது பேட் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஐயம்பேட்டை போகும் சாலையில் தகரக் கூரை போட்ட கிளப்பில் சேர்ந்தேன். அப்போது நான் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். காக், அதாவது இறகுப்பந்து, எந்தக் கோணத்தில் வரும் என்பது எனக்குத் தெரிந்தது. என் கால்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் பத்துப் பாயிண்ட் முடிவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் பாட்டிலை நீட்டியவர் பிள்ளையார்பாளையத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பது அவர் தொழில். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள்.

"இன்னா சார், காக்கு பின்னாடியே ஓடுறீங்க? நில்லுங்க. அது உங்ககிட்டதான் வந்துக்கினு இருக்குது."

அன்றிலிருந்து ஒரு மாதம், மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, எனக்காக உயரமாகவும் மெதுவாகவும் அடித்துக் கொடுத்தார். என் கால்கள் திரும்ப வந்தன. சர்க்கரையும் இறங்கியது.

அவருக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கிளப்பில் வந்த வரிசைப்படி பேட்டுகளை நீளப் பெஞ்சில் வைப்போம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பேட்டுகள் ஒரு ஜோடி. ஜெயித்த ஜோடி கோர்ட்டில் நிற்கும், தோற்றவர்கள் வெளியே. நாளெல்லாம் மெல்லிய இழையைப் பார்த்த அவர் கண்களுக்கு, விளக்கு வெளிச்சத்தில் உயரே வரும் காக் பிடிபடவில்லை. அடிக்கடி தவறவிடுவார், தவறவிட்டுச் சிரிப்பார். எனக்கோ ஜெயிக்கும் ருசி வந்துவிட்டது. என் பேட் அவருடையதற்குப் பக்கத்தில் அமையும்போதெல்லாம், ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து என்னுடையதை ஓர் இடம் தள்ளி வைத்துவிடுவேன். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படிச் செய்தேன்.

ஒருநாள் மழை. நான்கே பேர் வந்திருந்தோம், என் பேட் அவருடையதற்குப் பக்கத்தில்; தள்ளி வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். முழங்கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் பையிலிருந்து தைலம் எடுத்து வந்து, என் முன்னே குந்தி, வலிக்காத முழங்காலில் தேய்த்தார். நான் காலை நீட்டிக் காட்டினேன்.

பல வருடங்கள் ஓடின. போன வருடம் கண்புரை அறுவை முடிந்து, நான்கு மாதம் கழித்துக் கிளப்புக்குத் திரும்பினேன். முழங்காலில் இப்போது நிஜமாகவே வலி. பெஞ்சில் பேட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எனக்கு முன்னால் வந்திருந்த ஒருவர் குனிந்து தன்னுடையதை ஓர் இடம் தள்ளி வைப்பதைப் பார்த்தேன். அந்தக் குனிவு எனக்கு நன்றாகத் தெரிந்த குனிவு. பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், இனி வரவே வேண்டாம் என்று நினைத்தேன்.

அதற்குள் வரிசையில் முதலாவதாக இருந்த பிள்ளையார்பாளையத்துக்காரர் எழுந்து வந்தார். எல்லோரும் பார்க்கத் தன் பேட்டை எடுத்து, கடைசியில் கிடந்த என் பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் ஆடினோம். ஒன்பது பாயிண்டில் தோற்றோம்.

வெளியே டீக்கடையில் நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, அப்பல்லாம் உங்க பக்கத்துலேர்ந்து என் பேட்டை நான் நகர்த்தி வச்சிருக்கேன்." அதுவரை அவரை அண்ணே என்று அழைத்ததில்லை.

டீயை ஊதினார். "தெரியும் சார். ஒரு இழை தாண்டுனாவே என் கண்ணுல உறுத்தும். பேட்டு தாண்டுனா தெரியாதா?"

"அந்த முழங்கால் வலியும்..."

"அதுவுந்தான். வலிக்கிற காலை மடிச்சி சம்மணம் போட்டு உக்காந்துக்கினு இருந்தீங்களே!"

"அப்புறம் ஏன் தைலம் தேய்ச்சீங்க?"

"வெக்கப்படுவீங்கன்னு பாத்தேன். படலை." டீயில் ஒரு வாய் குடித்தார். "ரெண்டு நாள் மனசு கஷ்டமாதான் இருந்துது. அப்பால விட்டுட்டேன்."

"இன்னிக்கு எனக்காக ஏன் பின்னால வந்தீங்க?"

"உங்களுக்காகவா? நல்லா கேட்டீங்க போங்க! உங்களோட ஆடுனா சீக்கிரம் தோத்துட்டு டீ குடிக்க வந்துடலாம்."

சிரித்தேன். கண் கலங்கியது, அறுவை செய்த கண் என்று சொல்லித் துடைத்தேன். அதையும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

இப்போதும் வாரத்தில் ஐந்து நாள் போகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என் இயற்பியல் போதாது. பெஞ்சில் பேட்டை வைத்ததும் இரண்டு அடி பின்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சில நாள் பக்கத்துப் பேட் அவருடையதாக இருக்கிறது. இல்லாத நாட்களில், கோர்ட்டின் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு மட்டும் ஒன்றிரண்டை உயரமாகவும் மெதுவாகவும் தூக்கிக் கொடுக்கிறார்.