தும்மலை அடக்கிய ரயில் பயணம்

இரண்டு வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு மழை நாள். தாம்பரத்திலிருந்து கிளம்பிய காலை ரயிலில், பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து வரிசையாகத் தும்மிக்கொண்டிருந்தேன்.

மூக்கு அலர்ஜி எனக்குப் பத்து வருடத் தொல்லை. எழுந்ததுமே இருபது தும்மல், பிறகு நாள் முழுக்க மூக்கடைப்பு. அந்த வருடம்தான் எங்கள் சர்ச்சில், கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாட முதல் முறையாக வாய்ப்பு வந்திருந்தது. முந்தின நாள் ஒத்திகையில் இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டேன். "முடியலைன்னா சொல்லிடுங்க சிஸ்டர், வேற யாரையாவது பாட வெச்சுக்கலாம்" என்று பாடகர் குழுத் தலைவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

டாக்டர் கொடுத்த ஸ்ப்ரேயைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். அண்ணாந்து, இரண்டு மூக்கிலும் அடித்து, சர்ரென்று உறிஞ்சினேன். தொண்டையில் இறங்கிக் கசந்தது.

எதிர் சீட்டில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "இன்னாக்கா, கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க! மருந்து பூரா வயித்துக்குத்தான் போவுது."

கோபம் சுருக்கென்று வந்தது. தான் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் நர்ஸ் என்று அவர் சொன்னதும் அடங்கிப்போனேன். பல்லாவரம் வருவதற்குள் எனக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். தலையை லேசாகக் குனிய வேண்டும். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில். ஸ்ப்ரேயின் முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மெதுவாக மூச்சு இழுத்தால் போதும்.

"தும்மல் வந்தா மட்டும்தான் அடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அதான் தப்பு. டாக்டர் தினமும்னுதானே எழுதியிருப்பாரு? விடாம மூணு வாரம் போட்டுப் பாருங்க. தலகாணி உறையை வாரா வாரம் சுடுதண்ணில அலசுங்கக்கா. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அதுலதான் கீது."

மருந்துச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'தினமும்' என்றுதான் எழுதியிருந்தது. கைராசி இல்லாத டாக்டர் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்! வெட்கமாகிவிட்டது.

முதல் வாரம் பெரிய மாற்றமில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, டிகாஷன் வாசனை படுக்கையறை வரை வந்தது. அன்று ஒருமுறைகூடத் தும்மவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கிறிஸ்துமஸ் அன்று, நிறைந்த சபையின் முன் நின்று முழுப் பாட்டையும் தடங்கலில்லாமல் பாடினேன். கடைசி வரியை உச்சத்தில் நீட்டிப் பிடித்தபோது, குழுத் தலைவர் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார். உள்ளுக்குள் நான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அலர்ஜி அடியோடு போய்விடவில்லை. ஒட்டடை அடித்தால் இன்றும் தும்மல் உண்டு. அந்த நர்ஸின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எதையாவது பலிக்கவில்லை என்று குறை சொல்ல வாயெடுத்தால், 'நான் அதைச் சரியாகச் செய்தேனா?' என்ற கேள்விதான் இப்போதெல்லாம் முந்திக்கொண்டு வருகிறது.